பந்தைப் பார்க்காதவர்

மெர்வ் கோவாச் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றித் திரையின் மேல்முனையில் மாட்டியிருக்கிறார். மைதானத்தின் தூரத்துப் பாதி அதற்குள் மறைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் பாதியில் ஒரு பையன் பந்தை நெஞ்சருகே பிடித்தபடி பின்னால் நகர்கிறான், தோளைத் திருப்புகிறான், கையை உயர்த்துகிறான். பந்து விரலை விட்டுப் பிரியும் கணத்தில் மெர்வ் படத்தை நிறுத்துகிறார். திரும்பவும் முதலிலிருந்து. பக்கத்து நாற்காலியில் நான் அடுத்த ஆட்டத்துக்கான படத்துண்டுகளை வெட்டிக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து அவர் பார்த்த எறிகளில் ஒன்றாவது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

"பந்து எங்க போச்சுன்னு தெரிஞ்சுட்டா, அப்புறம் நம்ம கண்ணு பொய் சொல்ல ஆரம்பிச்சுடும்" என்பார். "எவனாவது எக்கிப் புடிச்சுட்டா எறிஞ்சவன் கெட்டிக்காரன். வழுக்கி விட்டுட்டா எறிஞ்சவன் தண்டம். ரெண்டு தடவையும் அவன் ஒரே மாதிரிதான் எறிஞ்சிருப்பான்."

எங்கள் ஈரி நகரத்துப் பைலட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் மெர்வுக்கு வேலை, சறுக்கும் பையன்களைப் பார்ப்பது. கல்லூரியில் ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடிய குவார்ட்டர்பேக்குகள் இங்கே வந்ததும் தடுமாறுவார்கள். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது அவர்கள் கைக்குத்தான். எதிரணியின் மலைபோன்ற ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள், ஒரு மூச்சு விடும் நேரத்தில், யாருக்கு எறிவது என்று தீர்மானிக்க வேண்டும். முடியாதவனை முதல் வருடம் பொறுத்துக்கொள்வார்கள், இரண்டாம் வருடம் முறைப்பார்கள், மூன்றாம் வருடம் அவன் பெயர் லாக்கரில் இருக்காது. பெயரைக் கிழிப்பதற்கு முன் மெர்வைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். கோளாறு பையனிடமா, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களிடமா?

அவரும் ஒரு காலத்தில் குவார்ட்டர்பேக்தான். அணியில் மூன்றாவது ஆள். முதலாமவனுக்கும் இரண்டாமவனுக்கும் ஒரே நாளில் அடிபட்டால்தான் களத்தில் இறங்கலாம். அப்படி அடிக்கடி நடப்பதில்லை. "என் சட்டையைத் துவைக்கிற வேலையே அவங்களுக்கு இருந்ததில்ல. மடிச்சு வெச்சுடுவாங்க" என்று அவரே சொல்வார். அவருடைய இயல்பான எறியை ஒரு கோச் மாற்றிக் கெடுத்துவிட்டார், இல்லாவிட்டால் மனிதர் எங்கேயோ போயிருப்பார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை யாராவது அவர் முன்னால் எடுத்தால் சிரிக்க மாட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. அந்தாளு நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாரு. நான் சுமாரான ஆளு. சுமாருக்கு என்ன சொல்லிக் குடுத்தாலும் நல்ல சுமாரா ஆகும், அவ்வளவுதான்."

தன்னைப் பற்றியே இப்படிச் சொல்கிறவர் என்பதால்தான் மற்றவர்களைப் பற்றி அவர் சொல்வதை எங்கள் கட்டடத்தில் கேட்டுக்கொள்கிறார்கள்.

அவருக்கென்று சில வழக்கங்கள். உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரொட்டி உருண்டைகளைக் காகிதத்தோடு ஹீட்டர் மேல் வைத்துச் சூடாக்குவார். குளிர்காலம் முழுக்க எங்கள் அறையில் அந்த வாசனைதான். ஒரு பையனைப் பற்றி முடிவுக்கு வரும்வரை அவனுக்குக் கை கொடுக்க மாட்டார். கை கொடுத்தால் பிடித்துப்போய்விடுமாம். அதற்குப் பதிலாக, லாக்கர் அறைக்குப் போய் அவனுடைய பழைய ஷூக்களைப் புரட்டி அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஓர் ஆட்டக்காரனின் படம் ஒட்டியிருக்கும். அவர் கண்டுபிடித்து உயர்த்திவிட்டவன் என்றுதான் விருந்தாளிகள் நினைப்பார்கள். இல்லை, இவன் தேற மாட்டான் என்று மெர்வ் சொல்லி அனுப்பிவைக்க, வேறு ஊருக்குப் போய்க் கோப்பை ஜெயித்தவன் அவன். "தினமும் பால் எடுக்கறப்ப அவன் மூஞ்சியைப் பாக்கறது உடம்புக்கு நல்லது" என்பார்.

போன வருடம் அவரிடம் வந்து சேர்ந்த கேள்விக்குப் பெயர் ஏமஸ் ஃபான்டனோ.

ஏமஸ் லூசியானாவின் சதுப்பு நிலத்துக்காரன். எங்கள் ஏரிக்காற்றுக்கு இரண்டு கோட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருவான். கதவைத் திறந்துவிடுகிற காவலாளி வரைக்கும் எல்லாரும் அவனுக்கு 'சார்'. அவனைக் கல்லூரியிலிருந்து எடுத்த நாளில் ஊர் பட்டாசு வெடித்தது. அடுத்த வருடம் இலையுதிர்காலத்தில் அதே ஊர் அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டது. எறிந்த பந்தை எதிராளிகள் பறித்தார்கள். எறியாமல் வைத்திருந்தால் பந்தோடு சேர்த்து அவனை மண்ணில் அமுக்கினார்கள். வானொலியில் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள் அவனை உட்கார வைக்கச் சொன்னார்கள். மளிகைக்கடையில் பில் போடுகிற பெண்மணி வெண்ணெய்க் கட்டியை எடுத்து வைத்துக்கொண்டே, "இது உங்களுக்கு எதுக்கு தம்பி, ஏற்கெனவே கையில நிறைய இருக்கே, பந்து வழுக்குதே" என்றாளாம். அவன் "ஆமாம் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்ததாக எங்களிடமே சொன்னான்.

அணியை நடத்துவது முதலாளியின் மகள் ரீட்டா மஸ்கரோ. சின்ன வயதில் இதே கட்டடத்தின் தாழ்வாரத்தில் சைக்கிள் ஓட்டியவள். வசந்தகாலத்தில் கல்லூரியிலிருந்து வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுக்க எங்களுக்கு வாய்ப்பு வரும்போல இருந்தது. எடுத்தால் ஏமஸ் வெளியே. ரீட்டா எங்கள் அறைக் கதவில் சாய்ந்துகொண்டு, திங்கட்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லும்படி மெர்விடம் கேட்டுவிட்டுப் போனாள்.

மெர்வ் தொப்பியை மாட்டினார். முதலில் ஏமஸின் கல்லூரி ஆட்டங்கள், பிறகு இங்கே ஆடியவை. பாதி வாரம் அதிலேயே போனது. புதன்கிழமை மத்தியானம் என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தார்.

கல்லூரியில் ஏமஸ் எறிவதற்கு முன் ஒரு சின்னத் துள்ளல் துள்ளுவான். குளத்துக்குள் கால் வைக்கும் கொக்கு மாதிரி. அந்தத் துள்ளலில்தான் அவன் கண், பந்தைப் பிடிக்க ஓடும் நான்கு பேரையும் ஒரே வீச்சில் அளந்தது. இங்கே வந்ததும் முதல் கோச் துள்ளல் நேரத்தைத் தின்கிறது என்று எடுத்துவிட்டார். அவர் போனபின் வந்தவர் முழங்கையை உயர்த்தச் சொன்னார். அவரும் போய், மூன்றாவதாக வந்தவர், இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகப் பார்த்துக் கடைசியில்தான் எறிய வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுத்தார். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பில்லை.

"இந்தப் பையனோட கால்ல மூணு பேரு நிக்கிறாங்க" என்றார் மெர்வ். "அவனுக்கு நிக்க இடமில்ல."

பிறகு, இந்த முறை படத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு, இன்னொன்று காட்டினார். பந்து கையை விட்டுப் பிரிந்ததும் எந்தக் குவார்ட்டர்பேக்கும் பந்தைத்தான் பார்ப்பான். ஏமஸின் தலைக்கவசம் ஓரக்கோட்டுப் பக்கம் திரும்பியது. அங்கே நிற்பது கோச். அக்டோபர் முடிவில் எடுத்த படங்களில், பந்து கையில் இருக்கும்போதே ஒரு முறை அந்தப் பக்கம் திரும்பிவிட்டுத்தான் எறிந்தான். வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் பந்தின் பின்னால் போயிருந்தோம்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் மெர்வின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த மூன்றாவது கோச் டக் ஹால்வர்சன்.

டக்கும் மெர்வும் ஆட்டக்காரர்களாக இருந்த காலத்தில் ஒரே அறையில் தங்கியவர்கள். இரண்டு குடும்பமும் நவம்பரில் வரும் நன்றித் திருநாளை ஒரே மேசையில் கொண்டாடும். டக்கின் மகள் டெஸ்ஸுக்கு ஞானத்தந்தை மெர்வ்தான். வேலைக்காக ஊர் ஊராக அலைந்த டக் ஈரிக்கு வந்ததே, இங்கே ஓர் இடம் காலியாகிறது என்று மெர்வ் தொலைபேசியில் சொன்னதால்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. எங்கள் ஊரில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். மெர்வும் டக்கும் இருந்த மேசையில் நானும் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போவதா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் மெர்வ் ஆரம்பித்துவிட்டார்.

"டக், திங்கக்கிழமை ரீட்டாகிட்ட நான் சொல்லணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடறேன். பையன்கிட்ட கோளாறு இல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

"மூணு பேர்கிட்ட. அதுல ரெண்டு பேரு போயாச்சு."

டக் எலுமிச்சைத் துண்டை மீன்மேல் பிழிந்துகொண்டிருந்தார். சாறு தீர்ந்தபிறகும் பிழிந்தார்.

"அவன் எறிஞ்சதும் பந்தைப் பாக்கல. உன் மூஞ்சியைப் பாக்கறான்" என்றார் மெர்வ்.

"சொல்லிக் குடுக்கறவனைப் பாக்காம வேற யாரைப் பாப்பான்?"

"எறியறதுக்கு முன்னாடியே பாக்கறான்டா."

பக்கத்து மேசையில் யாரோ ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தே ஆகணும் கோச் என்று சத்தமாகச் சொல்ல, டக் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கென்ன, இருட்டு ரூம்ல உக்காந்து படம் பாக்கற. நான் வெளிய நிக்கறேன். நான் சொன்னபடி ஆடி அவன் தோத்தான்னா, பையன் தோத்துட்டான்னு எழுதுவாங்க. அவன் இஷ்டத்துக்கு விட்டுத் தோத்தா, டக் தோத்துட்டான்னு எழுதுவாங்க. டெஸ் இதுவரைக்கும் எத்தனை பள்ளிக்கூடம் மாறிட்டா தெரியுமா உனக்கு? உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்ப, பையன் தேற மாட்டான்னு சொல்லிடு. யாரும் உன்னைக் கேள்வி கேக்கப் போறதில்ல."

மெர்வ் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"சொன்னா உன் வேலை தப்பிக்கும். அவன் ஊருக்குப் போயிடுவான். போயி, சாகறவரைக்கும் தனக்கு இது வரலன்னே நெனச்சுட்டு இருப்பான். நானும் அப்படித்தான் நெனச்சுக்கறேன். எனக்கு நெஜமாவே வரல, அதனால பரவால்ல. அவனுக்கு வருது டக்."

டக் எழுந்து, தட்டை அப்படியே விட்டுவிட்டு, கோட்டை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெளியே மழையும் பனியும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்தின் மேல்தளத்தில் காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தேன். குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. கோச் பேசலாம், அவன் பதில் பேச முடியாது. ஒவ்வொரு முறையும் பந்து அவன் கைக்கு வருவதற்குச் சற்று முன்வரை கோச்சின் குரல் அதில் வந்துகொண்டே இருக்கும். டக் எப்போதும் அந்த நேரத்தைக் கடைசித் துளிவரை பயன்படுத்துவார். இடப்பக்கம் முதலில் பார், அடுத்து நடு, காலை அடக்கு, முழங்கை, முழங்கை. அன்றைக்கும் முற்பாதி முழுக்க அப்படியே. ஏமஸ் இரண்டு பந்தைப் பறிகொடுத்தான். கூட்டம் அவனுக்கு முன்னால் ஆடிய கிழட்டுக் குவார்ட்டர்பேக்கின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

இடைவேளைக்குப் பின் முதல் முறை, ஆடவேண்டிய திட்டத்தின் பெயரை மட்டும் டக் சொன்னார். பிறகு, "மிச்சம் உன் இஷ்டம் தம்பி" என்றார். அதற்கப்புறம் சத்தமே இல்லை.

ஏமஸ் தலைக்கவசத்தைக் கையால் தட்டினான். மறுபடி தட்டினான். ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று ஓரக்கோட்டைப் பார்த்துச் சைகை காட்டினான். டக் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். டக் கெட்டித்தனமாக ஒரு காரியம் செய்ததை நான் பார்த்ததென்றால் அதுதான். பார்ப்பதற்கு முகம் இல்லாமல் போனதும் பையன் வேறு வழியின்றி முன்னால் பார்த்தான்.

அந்த எறி தரையில் விழுந்தது. அடுத்ததும். மூன்றாவது முறை பந்து கைக்கு வந்தபோது, அவனே அறியாமல், கால் துள்ளியது. நான் என் வேலையை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். கீழே மெர்வ் ஓரமாக ஓர் இருக்கையில் இருந்தார். எல்லாத் தலைகளும் வானத்தில் பந்தைத் துரத்திக்கொண்டிருக்க, அவர் தலை மட்டும் தரையில் ஏமஸின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். மயிரிழையில்தான், ஆனாலும் தோல்வி. மறுநாள் பத்திரிகை எழுதியது: டக் தோற்றுவிட்டார்.

ரீட்டாவின் அறைக்குப் போகும்போது மெர்வ் என்னையும் படத்துண்டுகளோடு கூட்டிக்கொண்டு போனார். ஏமஸை விட்டுவிடாதே என்றார். துள்ளலை எடுத்தது, முழங்கை, வரிசை, ஓரக்கோட்டைப் பார்த்தது, எதையும் மறைக்கவில்லை. முடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பிற்பாதியையும் போடச் சொன்னார்.

"இதைப் பண்ணினதும் டக்தான் ரீட்டா. தன் தப்பை இப்படி ஆட்டத்துக்கு நடுவுல திருத்தின கோச்சை நான் பாத்ததில்ல. அவனுக்கும் ஒரு வருஷம் குடு."

ரீட்டா நெற்றியைத் தேய்த்தாள். "மெர்வ், சொல்லிக் குடுத்தவங்கதான் கெடுத்தாங்கன்னு நீங்களே சொல்றீங்க. கெடுத்தவரையே வெச்சுக்கன்னும் நீங்களே சொல்றீங்க. அப்பாகிட்ட நான் எதைப் போய்ச் சொல்றது?"

"ரெண்டையும் சொல்லு. ரெண்டும் நெஜம்தான்."

"அவரு ஒண்ணைத்தான் கேட்டுப்பாரு."

ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார். ஜனவரியில் ஆட்டப் பருவம் முடிந்ததும் டக்கை அனுப்பிவிட்டார்கள். நெப்ராஸ்காவில் ஒரு சின்னக் கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. டெஸ் இதே பள்ளியில் படித்து முடிக்கட்டும் என்று அவர் மனைவி ஜோலீன் மகளோடு ஈரியிலேயே தங்கிவிட்டாள். டக் விடுமுறைக்கு வந்து போகிறார். மெர்வை அவர் கூப்பிடுவதில்லை. போன நன்றித் திருநாளுக்கு மெர்வின் மனைவி பழக்கதோஷத்தில் ஏழு தட்டு எடுத்து வைத்துவிட்டு, பிறகு மூன்றைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாராம்.

டக் கிளம்பின வாரத்தில் ஏமஸ் எங்கள் அறைக்கு வந்தான். இரண்டு கோட்டோடு வாசலிலேயே நின்றான். விஷயம் எப்படியோ அவன் காதுக்கும் போயிருந்தது.

"சார், டக் கோச் போனதுக்கு நான்தான் காரணமா?"

"சார்னு கூப்பிட்டா எங்கப்பா பின்னால நிக்கிறாரோன்னு தோணுது. உள்ள வா" என்றார் மெர்வ். அவன் வந்து நின்றதும், "நீ இல்ல. நான்" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து அவனுக்குக் கை கொடுத்தார்.

ஏமஸ் இந்த வருடம் நட்சத்திரமாகிவிட்டான் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. புதிதாக வந்த கோச் துள்ளலைத் தொடவில்லை, பேச்சும் குறைவு. சில ஞாயிறுகளில் ஏமஸ் எறிவதைப் பார்த்தால் ஏரியே எழுந்து நின்று கைதட்டும்போல இருக்கிறது. சில ஞாயிறுகளில் பழைய ஏமஸ்தான், ஆனால் தவறவிட்ட பிறகு எங்கும் திரும்பிப் பார்க்காமல் தானே தலையில் தட்டிக்கொள்கிறான். வானொலியில் பாதிப்பேர் அவன் பக்கம், பாதிப்பேர் எதிர்ப்பக்கம். நீங்கள் எந்தப் பக்கம் என்று மெர்வைக் கேட்டேன். "இன்னும் பாத்துட்டுதான் இருக்கேன்" என்றார். வசந்தகாலத்துக்கு வேறொரு கல்லூரிப் பையனின் படங்கள் வந்து குவிந்திருக்கின்றன. அவற்றையும் பார்க்கிறார்.

என் வீடும் ஜோலீனின் வீடும் ஒரே தெருவில். எங்கள் ஊர்ப் பனி ஓர் இரவில் முழங்கால்வரை கொட்டிவிடும். போன குளிர்காலத்திலிருந்து, பனி கொட்டிய ஒவ்வொரு காலையிலும், வேலைக்கு வரும் வழியில் மெர்வ் அங்கே வண்டியை நிறுத்திப் பனி அள்ளும் சவளோடு இறங்குகிறார். தெருவிலிருந்து கார்க் கொட்டகைவரை பாதை வெட்டுகிறார். முதல் முறை ஜோலீன் கதவைத் திறந்து, இதெல்லாம் வேண்டாம், தயவுசெய்து வராதீங்க என்றாள். மெர்வ் தலையாட்டிவிட்டு வெட்டிக்கொண்டேயிருந்தார். அதற்குப்பிறகு அவள் கதவைத் திறக்கவில்லை. அவள் கார் பாதையின் நடுவில் பனி மூடி நிற்கும். மெர்வ் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மட்டும் வழி எடுத்துவிட்டுப் போவார்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல பனி. என் வாசலில் வெட்டிக்கொண்டிருந்தபோது மெர்வின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் சவளை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஜோலீனின் கார் பாதையில் இல்லை. அவள் அதைத் தெரு ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள். பாதை முழுதும் அவருக்காகக் காலியாக இருந்தது. மாடி ஜன்னலில் திரை மூடித்தான் கிடந்தது. மெர்வ் கொஞ்ச நேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்தார். பிறகு கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, கார் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நடந்துபோய், அங்கிருந்து வெட்ட ஆரம்பித்தார்.